மாவுக்கட்டும் மாமன் சீரும்

"...அந்தச் சுண்ணாம்புக் கட்ட ஒடச்சுப் போட்டு, நாலு மூங்கப் பத்தைய வெச்சு இறுக்கிக் கட்டுனா ஒரு நாளைக்குத் தாங்காதா சாமி? மாமன் தூக்காத புள்ளைன்னு ஊரே பேசுமே!" என்றாள் என் அக்கா.

வெற்றிலைத் தட்டைக் கட்டிலில் என் காலருகே வைத்திருந்தாள். மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணைத் தூக்கிவந்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன். நான் மாட்டேன் என்றால் எதிர்வீட்டுப் பங்காளி அந்த இடத்தில் நிற்பான்; அப்புறம் எந்தச் சீருக்கும் அவன்தான் மாமன். அதற்காகவே காத்திருந்தான்.

எனக்கு எரிந்தது.

கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கையில் மாடு மிரண்டு, வடக்கயிறு என் காலை வளைத்துத் திருகியிருந்தது. பாதம் வெளிப்பக்கம் திரும்பி, வேறு யாருடைய காலோ போலக் கிடந்தது. வண்டியில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒடிந்த சின்ன எலும்பு பெரிய எலும்புக்குப் பின்னால் போய்ச் சிக்கியிருக்கிறது, இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை என்றார் டாக்டர். கத்தி வைக்காமல் பார்ப்போம் என்று மயக்கம் கொடுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு பேர் தொடையைப் பிடித்துக்கொள்ள, குதிகாலை இழுத்து உள்பக்கமாகத் திருப்பினாராம். கதவுத் தாழ் விழுகிற சத்தம் கேட்டதாகக் கூட வந்தவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பிறகு தொடைவரை மாவுக்கட்டு.

"அவிழ்க்கும்வரை ஊன்றினால் எலும்பு மறுபடி நழுவும். அப்புறம் கத்திதான். அதற்குப் பிறகும் நடப்பாய் என்று சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்கள், "இது காலுங்களா, கோயல் தூணுங்களா?" என்றார்கள். ஒருவர் தேங்காயைத் தட்டுவதுபோல் தட்டி, "உள்ள கால் இருக்குதுங்களா?" என்றார். அதற்கெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். அக்காவின் பேச்சுக்குச் சிரிக்க முடியவில்லை.

"காலு போனா எம்பொழப்பே போச்சுக்கா! கவல ஓட்ட நீ வருவியா?"

"ஒரு நாழி தூக்குனாப் போதும் சாமி."

"ஒம்புள்ளைக்குச் சீரா எங்காலக் கேக்கறியா? நொண்டி மாமன் தூக்குனான்னு பேசறதுக்கு, தூக்கலைன்னே பேசட்டும், போ!"

வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. அவ்வளவு கத்தியிருக்கிறேன்.

அக்கா தட்டை எடுத்தாள். என் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வாசலில் இறங்கி, எதிர்வீட்டுப் படலைத் திறந்தாள்.