மெர்சியே எந்தப் பகுதி?

துணி அளக்கிற இரும்புக் கோலால் என் ஓட்டோவின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏரம்பு அண்ணை ஏறுவார். பெயின்ற் போகிறது என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. கேட்கிற ஆளில்லை. இருந்தவுடன் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒரே கேள்வி: "தம்பி ஆற்றை பகுதி?" யாருடைய சொந்தம், எந்த வழி என்று அர்த்தம்.

எங்கள் ஊர் இறுப்பிட்டியில் கலியாணம் பேசுகிறவர்கள் சாதகத்துக்கு ஐயரிடம் போவார்கள். ஆளை விசாரிக்க இவரிடம் வருவார்கள். பாட்டனார் எந்த ஊர், எங்கே கடை வைத்திருந்தார், கடைசிப் பெட்டை யாரை முடித்தாள், எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும்.

தெற்கே மாத்தறையில் நூல், ஊசி, தெறி என்கிற சட்டைப் பொத்தான், சீத்தைத் துணி விற்ற கடை அவருடையது. கலவரத்தில் அது போய் நாற்பது வருடம். கோல் மட்டும் கையோடு வந்தது. இப்போது நாய் கலைக்கவும் முருங்கைக்காய் தட்டவும் அதுதான். ஆனால் துணியை அளந்தால் மனிதர் பழையபடி முதலாளி. பிறத்தி ஆளுக்குக் கோல் முடிகிற இடத்தில் கத்தரிக்கோல் விழும். சொந்தக்காரருக்கு அதற்கு அப்பால் ஒரு சாண் விட்டு வெட்டுவார். "எங்கட ஆக்களுக்கு இறுக்கிப் பிடிக்க ஏலாது" என்பார்.

பாரிசில் இருக்கும் அவருடைய தங்கை நாகபூசணியின் மகள் கஜனி, மத்தியூ மெர்சியே என்ற பிரெஞ்சுப் பெடியனைக் கலியாணம் முடிக்கப் போகிறாள். தாலி ஊர்க் கோயிலில் ஏற வேண்டும், மாமன் முன்னுக்கு நிற்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். மாமன் மாட்டேன் என்றுவிட்டார். வெள்ளை என்பதற்காக இல்லை. விசாரிக்க வழியில்லை என்பதற்காக.

"அண்ணை, வெள்ளைக்காரனுக்கு ஏது பகுதி?" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். மெர்சியே எண்ட பேர் வானத்தால விழுந்ததே? முதல்ல ஆரோ ஒருத்தன் அதைச் சுமந்திருப்பான். அவன் என்ன செய்து பிழைச்சவன்?"

விடுமுறைக்கு வந்த பாரிஸ்காரர் ஒருவரையும் அவர் விடவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வீடியோ அழைப்பில் மாப்பிள்ளையின் தாயையே பிடித்தார். சாட்சிக்கு நானும் இருக்க வேண்டுமாம். அந்த மனிசி சிரித்துச் சிரித்துச் சொல்ல, கஜனி தமிழாக்கினாள்.

"மாமா, அந்தக் காலத்தில நூல், ஊசி, தெறி, நாடா வித்த ஆக்களுக்குத்தான் அங்க அந்தப் பேராம். சந்தை சந்தையாய்ப் போய் வித்தவையாம்."

ஏரம்பு அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நாடாவுமோ?"

"ஓம் மாமா, நாடாவும்."

"ஊர் விட்டு ஊர் போய் யாவாரம் செய்த ஆக்கள்! இதை முதலே சொல்லுறதுக்கென்ன? மனிசனை என்ன அலைச்சல் அலைய விட்டவை! பெடியன் இப்ப எங்க கடை?"

"கடை இல்லை மாமா. கொம்பியூட்டர் வேலை."

"அது பரவாயில்லை. எங்கட பெடியளும் கடையை விட்டிட்டுத்தானே ஓடினவங்கள்."

அழைப்பில் இருந்த நாகபூசணி இடையில் புகுந்தார். "அப்ப நிப்பியளே அண்ணை?"

"ஆளைப் பாத்துச் சொல்லுறன்." முகத்தில் சிரிப்பு, பேச்சில் இறுக்கம்.

தாலிக்கு முதல் நாள் நான்தான் கஜனியையும் மாப்பிள்ளையையும் ஏற்றி வந்தேன். நெடுவலாய் ஒரு பெடியன், வெயிலில் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்திருந்தான். "வணக்கம் மாமா" என்று குனிந்தபோது வாசல் நிலை மரத்தில் தலை இடித்தது. ஏரம்பு அண்ணை மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கு வாங்கி வைத்த பட்டுச் சுருளைப் பாயில் உருட்டினார். கோலை வைத்து அளந்தார்.

கடைசி அளவில், கோல் முடிந்த இடத்தில் பெருவிரலை ஊன்றி, கையை முழுதாக விரித்தார். சின்னவிரல் போய் நின்ற இடத்தில் கத்தரிக்கோல் இறங்கியது.