கரடிக்குக் காது குத்தினார்கள்

மண்டபம் பிடிக்கப் போனபோது, "என்ன விசேஷம்?" என்று கேட்ட மண்டபத்து அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாங்கள் ஃபர்ரிகள், ஆளுக்கொரு மிருகத்தைப் பிடித்துக்கொண்டு, அதைச் செயற்கை ரோமத்தில் தைத்து மாட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு நாள் கூடிக் கூத்தடித்துவிட்டுப் போகிறவர்கள், நான் கரடி என்று. நகரியில் விசைத்தறி ஓட்டுகிற நாற்பத்தெட்டு வயசு ஆம்பிளை இதை வாயால் சொல்லவேண்டும்.

"காதுகுத்தும்மா" என்றேன்.

முதல் வருஷம் ரேணிகுண்டாவில் ஒரு நண்பனின் வாடகை அறையில் நாலு பேர் கூடினோம். அதில் ஒருத்தன் வால் மட்டும் கொண்டுவந்திருந்தான். அடுத்த வருஷம் சந்திரகிரியில் ஒரு மாந்தோப்பு, இருபது பேர். நிஜக் குரங்குகள் வந்து முயலின் காதைப் பிடித்து இழுக்க, பாதி நாள் ஓட்டத்திலேயே போனது. மூன்றாம் வருஷம் சென்னை, பெங்களூர், சித்தூர் என்று அறுபது பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வடமாலபேட்டை மண்டபத்தை விட்டால் வேறு கதி இல்லை.

கூடிய அன்று காலை புலி, ஓநாய், கழுதை எல்லாம் தலையை லேசாகத் தூக்கி உப்புமா துன்னுக்கினு இருந்தபோது வாசலில் மேளம் கேட்டது. மண்டபத்து அம்மா தாம்பூலத் தட்டோடு உள்ளே வந்தார். பின்னால் நகைப் பத்தர், கையில் ஊசி. காதுகுத்து என்றால் மேளமும் பத்தரும் மண்டபமே ஏற்பாடு செய்யுமாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பத்தர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "காது நெறைய இருக்குதே. இதுல எதும்மா?"

"பில்ல எக்கட?" என்று அம்மா தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "கொழந்த எங்க? புக் பண்ண ஆளு எங்க?"

அறுபது பேரும் ஒரே நேரத்தில் கரடியைக் காட்டினார்கள். அப்படி ஒரு ஒற்றுமை எங்களுக்குள். ஓடலாமா என்று பார்த்தேன். கரடிப் பாதத்தோடு படி இறங்கவே என்னை இரண்டு பேர் பிடிக்கவேண்டும். தலையைக் கழற்றி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் தெலுங்கு வந்தது, இங்கிலீஷ் வந்தது. அழுகை ஒன்றுதான் பாக்கி.

அம்மா சிரிக்கவில்லை. "வேஷம் போட்டுக்கோ, அது உன் இஷ்டம். திருப்பதி ஜாத்திரையில நான் பாக்காத வேஷமா? ஆனா மேளம் கொட்டி பத்தர உள்ள இட்டாந்தாச்சு. காது குத்தாம அவரு வெளிய போனா மண்டபத்துக்கு ஆவாது. ஒரு காதாவது குத்தணும். இல்லன்னா மிருகம் பூரா வெளிய போவணும்."

வெளியே வெயில், லாரிகள். வருஷம் பூரா இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்த கூட்டம். ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாருக்கும் ஏற்கெனவே குத்தியாகிவிட்டதாம். எனக்குச் சின்ன வயசில் குத்திய ஓட்டை எப்போதோ தூர்ந்துபோயிருந்தது. பத்தர் அதைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"தாய்மாமன் மடி வேணுமே" என்றார் அம்மா.

சித்தூர் நரி, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இருபத்தஞ்சு வயசுப் பிள்ளை, சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையைத் தட்டினான். "வா கொழந்த."

"டேய், ஒன் வயசுல எனக்குப் பொண்ணு இருக்குதுடா."

"பேசாம உக்காருண்ணா. மாமன் இருக்கேன்ல."

உட்கார்ந்தேன். நரிக்கு மூச்சு முட்டியது. குழந்தை அழுவது வெளியே கேட்காமலிருக்க அந்த நேரம் மேளத்தை வேகமாக அடிப்பார்கள். என் சத்தம் அதையும் தாண்டிப் போனதாகப் பிறகு சொன்னார்கள். நம்பவில்லை. வீடியோ காட்டினார்கள்.

அம்மா காதில் மஞ்சள் வைத்து, வாயில் சர்க்கரை போட்டு, "சாய்ந்தரம் வரைக்கும் ஆடுங்க" என்று கிளம்பினார்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: படம் எடுக்கும்போது யாரும் தலையைக் கழற்றக்கூடாது. போட்டவன் நானே. வீங்கிய காதோடு கரடித் தலை ஏறவில்லை. அந்த வருஷத்துப் படத்தில் அத்தனை மிருகங்களுக்கும் நடுவில் மஞ்சள் காதோடு ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான், தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.