பண்ணைப்புரத்தில் இரண்டு மீன் கூண்டுகள்

காலை 6.15, தேனி. கடலுக்குள் கூண்டு கட்டிக் கொடுவா மீன் வளர்க்கும் மண்டபம் ஊர்க்காரன் நான். மீன் பார்க்க மலையடிவாரத்துக்குப் புறப்பட்டதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தார்கள். போடி, தேவாரம் வழியாகப் பண்ணைப்புரத்துக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். தேவாரம் தாண்டியதும் ஆடிக்காற்று அந்த டிக்கெட்டைப் பறித்துக்கொண்டு போனது.

8.30. நிறுத்தத்தில் பாண்டி காத்திருந்தார். தீவனக் கடைக்காரர் மூலம் போனில் பழக்கமானவர். சோளம் விதைக்கும் சம்சாரி. ஊரை ஒட்டிய கண்மாயில் இரண்டு வலைக்கூண்டு மிதக்கவிட்டு ஜிலேபிக் கெண்டை வளர்க்கிறார். ஒரு கூண்டுக்கு அவர் தீவனம் போடுகிறார், மற்றதற்கு அவர் மனைவி செல்வராணி. கேரள ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் கூலிவேலைக்குப் போய்க்கொண்டிருந்த செல்வராணி, மீனுக்காகத்தான் அதிலிருந்து நின்றுகொண்டார்.

இன்று எடை போடும் நாள், அதற்குத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அரைக் கிலோவுக்குக் குறைந்த மீனைக் குமுளி வியாபாரி தொடமாட்டார். மீன் தேறாவிட்டால் திங்கட்கிழமை செல்வராணி மறுபடி ஜீப் ஏறவேண்டும்.

"வந்ததுதான் வந்தீக, நல்ல வாக்காச் சொல்லிட்டுப் போங்கண்ணே," என்றார் செல்வராணி.

9.15. மிதவையில் போனோம். செல்வராணியின் கூண்டில் அள்ளிய மீன்கள் அரைக் கிலோவுக்கு மேலேயே நின்றன. பாண்டியின் கூண்டில் முந்நூறு கிராமைத் தாண்டவில்லை. ஒரே நாளில் விட்ட குஞ்சுகள், ஒரே தீவனம்.

"குஞ்சுல கோளாறு போல," என்றார் பாண்டி.

இருவரையும் வழக்கம்போலத் தீவனம் போடச் சொன்னேன். வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, சோளம் விதைப்பதுபோல வீசினார் பாண்டி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மிதந்த தீவனத்தில் பாதியைக் காற்று வலைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போக, அங்கே கண்மாய் மீன்களுக்கு விருந்து.

கரையில் தூண்டில் போட்டிருந்தவர் கத்தினார்: "பாண்டியண்ணே, இன்னும் ரெண்டு கை இங்கன வீசு!"

செல்வராணி காற்று வரும் பக்கமாக நின்று, ஒரு பிடி போட்டு, மீன் தின்று முடித்த பிறகே அடுத்த பிடி போட்டார். ஒன்றும் வெளியே போகவில்லை.

"இத அவருக்குச் சொல்லலையாம்மா?"

"சொன்னேண்ணே. வெதைக்கிற கைக்கு நீ சொல்லித் தாரியாக்கும்னுட்டாக."

பாண்டி வாளியைக் கீழே வைத்தார். சிறிய மீன் தேற இன்னும் நாளாகும், அதுவரை வீட்டுக்குக் கூலி வேண்டும். அது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

"ரெண்டு கூண்டையும் நீயே பாத்துக்க," என்றார். "திங்கக்கெழம ஜீப்புல நான் போறேன்."

பகல் 12. நிறுத்தம்வரை இருவரும் வந்தார்கள். எங்கள் கடற்கரையில் மீன் வளராவிட்டால் தண்ணீரைத் திட்டுவோம், தீவனக் கம்பெனியைத் திட்டுவோம். சொந்தக் கையைக் குறைசொன்ன ஆளை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். பாண்டியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

"ஜீப்பு நாலரைக்கே வந்துரும். எந்திரிச்சிருவீகளா? நான் எழுப்பி விடுறேன்," என்றார் செல்வராணி.

பாண்டி பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ போன நாளெல்லாம் நானா எழுப்பி விட்டேன்? நானே எந்திரிச்சுக்கிறேன். நீ தூங்கு."