செம்மரத்தின் வயது

மகளின் புதுப் பாவாடையை வாளியில் நனைத்ததும் தண்ணீர் மெல்லச் சிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சின்ன வயதில் இருந்த கங்காதர நெல்லூர் வீட்டுக் கிணற்றடிக்கு நினைவில் போய்விட்டேன். வெளியூர் வேலை என்று போய்வரும் என் அப்பா, நைனாவின் சட்டையை அம்மா அலசும்போதும் தண்ணீர் இப்படித்தான் சிவக்கும். ஏனென்று நான் கேட்டதில்லை.

ஏழாம் வகுப்பில், மரங்களைக் கணக்கெடுக்க எங்களைத் திருப்பதி மலைக்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். பனிக்குள் ஒரு செம்மரம் அடியோடு வெட்டப்பட்டிருந்தது.

"திருட்டுப் பசங்க வேல," என்றார் வனக்காவலர். "இதுக்கு உங்க நைனா வயசு இருக்கும்மா."

ஈரமான அடிக்கட்டையைத் தொட்டேன். உள்ளங்கையில் அதே சிவப்பு ஒட்டிக்கொண்டது. யாரும் பார்க்குமுன் கையை மூடிக்கொண்டேன்.

வீட்டில் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "காட்டுல இன்னாமா பாத்த?"

"வெட்டிப்போட்ட செம்மரம் நைனா. அதுக்கு உன் வயசாம்."

கையை விரித்துக் காட்டினேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

விடியலில், வழக்கமாக அவரை ஏற்றிப்போகும் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். நைனா எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார்.