பெரிய எழுத்துக் கதைகள்

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த புதிதில், சனிக்கிழமை மத்தியானங்களை நூலகத்தின் மாடி அறையில் கழித்தேன். ஜன்னலில் ஏரிக்காற்று வரும். புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் கிடப்பேன்.

அப்படித்தான் அந்த அம்மாவைக் கவனித்தேன். ஐம்பது வயது இருக்கும். அலமாரிகளுக்கு நடுவே தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக நடப்பார். அலமாரி உச்சியில் மாட்டியிருந்த பெயர்ப் பலகைகளை அண்ணாந்து பார்ப்பார். ஒன்றும் எடுக்காமல் இறங்கிப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில் நூலகர் என்னிடம், "போர்டெல்லாம் மங்கிப்போச்சு. நீங்க டிசைன் வேலைதானே பண்றீங்க, புதுசா செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார். செல்போன் ஆப்களுக்குத் திரை வடிவமைப்பதுதான் என் வேலை. சரி என்றேன். நிறத்தை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, "என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டேன்.

கூச்சத்தோடு சிரித்தார். "நான் வளர்ந்தது வடக்கே. கல்யாணமாகித்தான் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். தமிழ் நல்லாப் பேசுவேன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். போர்டைப் படிக்கிறதுக்குள்ள கழுத்து வலிக்குது. பெருசா அச்சடிச்ச கதை இருக்கா? கேட்டா சிரிப்பாங்களோன்னு கேக்கலை."

நானும் நூலகருமாகப் பலகைகளைக் கண்மட்டத்துக்கு இறக்கினோம். 'மருத்துவம்' இருந்த இடத்தில் 'சர்க்கரை, பிரஷர், உடம்பு' என்று எழுதினேன்.

"மருத்துவம்னாலே புரியாதா?" என்றார் நூலகர்.

"மருத்துவம்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை சார். சர்க்கரைக்கு புக் இருக்கான்னுதான் கேக்குறாங்க."

ஜன்னலோர அலமாரியில் பெரிய அச்சுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்தோம். அதன்மேல் பெரிதாக ஒரு 'அ', கீழே 'பெரிய எழுத்துக் கதைகள்'.

அந்த அம்மா வந்தார். பலகையின் முன் நின்று உதட்டசைத்துக் கூட்டிப் படித்தார். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் முணுமுணுத்துப் படிக்கிற சத்தத்தில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வெயில் மஞ்சளாகித் தரையில் நீண்டு கிடந்தது.

"மூடிடுவாங்களா? கதையில அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியலையே" என்றார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்கம்மா."

"வீட்டுக்கா? குடுப்பாங்களா?"

அதைச் சொல்லும் பலகை அங்கே எங்குமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நூலகர் அவரை உடனே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார். ஜன்னலில் நின்று பார்த்தேன். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த அந்த அம்மா, தெருவோரத்திலேயே புத்தகத்தைத் திறந்துவிட்டார். ஓர் ஆட்டோ வந்து நின்றது, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவர் நிமிரவே இல்லை.