எஸ்றா மாற்றி ஒட்டிய அட்டைகள்

எஸ்றா போராடிச் சாதித்தவை என்று ஊரில் சொல்லுபவை இவை. தூத்துக்குடித் தியேட்டர் ஒன்றில் கூட்டிப் பெருக்கப் போனவன், ஆறே வருஷத்தில் புரொஜெக்டர் ஓட்டினான். சினிமாவே பார்க்க விடாத முத்தையாபுரத்து வீடுகளிலிருந்து, படம் எடுக்க ஐந்து பிள்ளைகளை அவனிடம் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளே கதை எழுதி எடுத்த சின்னப் படங்கள் நான்கு. 1978இலும் 1979இலும் மாவட்ட வாலிபர் விழாவில், கல்லூரிக்காரர்களைத் தாண்டி முதல் பரிசு.

சொல்லுகிறவர்கள் 1977ஐ மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். அதைச் சொல்லாமல் எஸ்றாவைச் சொல்ல முடியாது.

சாத்தான்குளத்து மிஷன் பள்ளி வாத்தியாரின் மகன் அவன். அக்கா ஜீவமணி எட்டாம் வகுப்பு வரை படித்தாள். எஸ்றாவுக்கு எழுத்து ஒட்டவே இல்லை. மூன்றாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் உட்கார்ந்தான். உன்னால் எனக்குக் கோயிலில் முன்வரிசையில் உட்கார முடியவில்லை என்று அப்பா சொன்ன அன்றைக்குத் தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டான். வாத்தியார் வீட்டுப் பிள்ளை கைநாட்டு என்பது வெளியே சொல்லக்கூடிய சங்கதியா? யாராவது கேட்டால் ஜீவமணி, தம்பியும் எட்டுதான் என்று சொல்லிவைப்பாள்.

1976இல் முத்தையாபுரம் பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார் ஜேசுதாசன், கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரரிடமிருந்து எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்றும் சின்ன புரொஜெக்டர் ஒன்றும் வாங்கிவந்தார். கோயில் வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லித்தர வேண்டும். அவருக்குக் கேமரா தெரியும். பிலிம் வெட்டி ஒட்டத் தெரியாது. அதற்காகத் தியேட்டரில் அறுந்த பிலிம் ஒட்டுகிற எஸ்றாவைக் கூட்டிப்போனார்.

எஸ்றா பாடம் நடத்தியது வேறு மாதிரி. பிள்ளைகள் கதையை எழுதிக்கொண்டு வருவார்கள். நடுவில் ஒரு தட்டு இருக்கும், பக்கத்தில் உப்பளத்திலிருந்து கொண்டுவந்த கல்லுப்பு. எழுதியவர் தன் கதையை வாசிக்கக் கூடாது, அடுத்தவர்தான் வாசிக்க வேண்டும். 'அவன் வருத்தப்பட்டான்' என்று ஒரு வரி வந்தால் எஸ்றா கையைத் தூக்குவான். வருத்தத்தைக் கேமரா எப்படிப் பிடிக்கும், அவன் என்ன செய்தான் என்று கேட்பான். எழுதியவர் ஒரு உப்புக்கல்லைத் தட்டில் போட வேண்டும். தட்டில் கல் விழாத கதைதான் படமாகும்.

அடுத்தவர் வாசிக்கிற வழக்கத்தை ஜேசுதாசன் வாத்தியார் மெச்சிக்கொண்டே இருப்பார். அப்போதெல்லாம் எஸ்றாவுக்கு உடம்பு கூசும். தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மறைக்கத்தானே அந்தச் சட்டம் போட்டான்.

இரண்டாவது படம் முத்துக்கனியுடையது. பதினாறு வயது, உப்பளத்துக்காரர் மகள், வாய்த்துடுக்கு. 'அண்ணாச்சி, உங்க கதையில கல்லு விழாதா?' என்று அவள் ஒரு தடவை கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். அளத்தில் விடிகாலை வேலையை முடித்துவிட்டுப் பரீட்சைக்கு ஓடுகிற ஒரு பெண், கண்முன்னால் பஸ்ஸை விடுகிறாள். அதுதான் கதை. பேச்சு கிடையாது. கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிப் படம் பிடித்த இரண்டே அட்டைகள். முதலில் 'ஒன்பதரை பஸ்'. கடைசியில் 'அடுத்த பஸ் பத்தரைக்கு'.

பம்பாய்க்கு அனுப்பிக் கழுவிய பிலிம், விழாவுக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஒட்டும்போது ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்து அட்டையை வாசிக்கச் சொல்லுவான். அன்றைக்கு எல்லாருக்கும் பள்ளிக்கூடம். தியேட்டர் படங்களில் கடைசி அட்டை எப்போதும் 'வணக்கம்' அல்லது 'சுபம்'. அந்த உருவம் அவனுக்குத் தெரியும். இங்கே அது இல்லை. இரண்டிலும் 'பஸ்' என்ற உருவம் இருந்தது. தியேட்டரில் பெரிய எழுத்தெல்லாம் முன்னால்தான் வரும் என்று எண்ணி, நீளமான அட்டையை முதலில் ஒட்டினான்.

மார்ச் ஐந்தாம் தேதி, பாளையங்கோட்டை மண்டபம். திரையில் எடுத்தவுடனே 'அடுத்த பஸ் பத்தரைக்கு' என்று வந்தது. பின்வரிசையில் ஒருத்தன், அப்ப நாம வீட்டுக்குப் போவமாலே என்றான். மண்டபம் சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் பஸ்ஸுக்கு ஓட ஓட, முடிவு தெரிந்த ஜனம் சிரித்துக்கொண்டே இருந்தது. படம் முடிந்ததும் நடுவர், இது யார் கவனக்குறைவு என்று கேட்டார். ஜேசுதாசன் வாத்தியார் முத்துக்கனியைப் பார்த்தார். அட்டை எழுதியவள் அவள்தானே, மாற்றிக் குறித்துக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துவிட்டார். அவளுக்குத் தலை குனிந்தது. புரொஜெக்டர் பக்கம் நின்ற எஸ்றா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எழுத்துத் தெரியாததைச் சொல்ல வேண்டும்.

வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

இரண்டு நாள் அவன் முத்தையாபுரம் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனான். முத்துக்கனி முற்றத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டினது நான்தான், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னான்.

அவள் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

'அத ஏன் அங்கன வச்சிச் சொல்லல?'

'கூசிச்சு, தாயி.'

'எனக்கும் கூசிச்சு அண்ணாச்சி. அம்புட்டுப் பேரும் என்னையதான பாத்தாவ.'

நடுவருக்குக் கடிதம் போடுகிறேன், அக்காவை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்து அனுப்புகிறேன் என்றான் எஸ்றா. பரிசை முடிவு செய்வதால், பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு வருவதை நடுவர்கள் பார்க்க மாட்டார்களாம்.

'கைநாட்டு வைக்காதிய. நானே எழுதி, யாரோ ஒருத்தர் விரல உருட்டுனதாத்தான் நெனைப்பாவ. உங்க பேரப் போடுங்க.'

'நாலு நாள்ல எப்படிப் போடுதது?'

'மூணு எழுத்துதான். எழுத்தா பாக்காதிய. படமாப் பாருங்க.' கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் பெரிதாக எழுதிக் காட்டினாள். கோபம் அப்போதும் தீரவில்லை. ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். தப்பினபோது உள்ளேயிருந்து உப்புக்கல் எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

நான்கு நாளும் தியேட்டர் ஆபரேட்டர் அறையில், புரொஜெக்டர் விளக்கில் எரிந்து மிஞ்சிய கார்பன் குச்சியால் ரீல் டப்பா மூடியில் எழுதினான், துடைத்தான், எழுதினான். 'றா' மட்டும் ஒவ்வொரு தடவையும் சரிந்து விழுந்தது.

ஜீவமணி சாத்தான்குளத்திலிருந்து வந்து, அவன் சொல்லச் சொல்லக் கடிதத்தை எழுதினாள். 'தவறு அந்தப் பெண்ணுடையதல்ல. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

'ஏலே, இத வேற மாதிரி எழுதட்டா?'

'வேண்டாங்கா. சொன்னபடி எழுது.'

எழுதினாள். அதன் பிறகு தம்பி எட்டு படித்தவன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கடிதத்தைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நடுவர்கள் அட்டையை மாற்றி ஒட்டச் சொல்லி, மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த வருஷம் பரிசு வரவில்லை. ஆனால் ஜேசுதாசன் வாத்தியார் முத்துக்கனியிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்.

கடிதத்தின் அடியில் எஸ்றா முதல்முதலாகத் தன் பேரை எழுதியது 1977 மார்ச் 12, சனிக்கிழமை, காலை.