பென்குயின் ஏடு தொடங்கிய நாள்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் குற்றவாளி பென்குயின்தான். மின்விளக்கு மினுங்கினாலும், கைப்பேசியில் சிக்னல் இல்லாமல் போனாலும், ஒருமுறை கிணற்று மோட்டர் நின்றபோதும் அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "உவன் அந்த லப்டொப்பிலை என்னவோ செய்துபோட்டான்." பென்குயின் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னம். எங்கள் ஊரான முள்ளியவளையில் அதற்கு ஒரு வீடு கிடைத்ததென்றால் அது என் பிடிவாதத்தால்தான்.

லப்டொப் பிரான்சிலிருந்து வந்தது. சித்தப்பா தான் பாவித்து முடித்ததை, கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்த ஒருவரின் பெட்டியில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வைத்து அனுப்பியிருந்தார். நெடுநாள்வரை அதைத் திறந்தால் சவர்க்காரம் மணக்கும். விசைப்பலகை பிரெஞ்சுக்காரருடையது, 'ஏ' எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'க்யூ' குந்தியிருக்கும். புது விண்டோஸுக்கு மெசினின் வயது ஒத்துவரவில்லை. பழையது எழும்பி வருவதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். நான் கிளிநொச்சியில் ஒரு சின்னக் கணினி வகுப்பில் படிப்பிக்கிறவன். இலவசமாகக் கிடைப்பதை, களவெடுக்காமல், நேர்மையாகப் போட்டு ஓட்டலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு என் வீட்டில் வேறொன்றை வைத்திருக்க மனம் வரவில்லை. லினக்ஸைப் போட்டேன்.

போட்டதும் மெசின் இளமை திரும்பியதுபோல ஓடியது. ஆனால் லினக்ஸ்காரனுக்கு நிம்மதி அவ்வளவு சுலபத்தில் கிடைத்துவிடாது. வைஃபை வேலை செய்யவில்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை இன்டர்நெற்றிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெற்றுக்கு வைஃபை வேண்டும். கடைசியில் கைப்பேசியைக் கேபிளால் பிணைத்து அந்தக் முட்டுச் சந்திலிருந்து வெளியே வந்தேன். விரலடையாளம் பார்க்கும் பட்டை இன்றுவரை என்னை அடையாளம் காணவில்லை. ஒலிதான் அதிகம் படுத்தியது. மைக்கில் பேசினால் மழை பெய்வதுபோல இரைச்சல். இணையத்தில் யாரோ ஒரு ஜெர்மன்காரர் சொன்ன ஒற்றை வரியை ஏதோ ஒரு கோப்பில் சேர்த்ததும் இரைச்சல் நின்றது. அந்த முகமறியாத மனிதருக்காக அன்று உண்மையிலேயே கும்பிட்டேன்.

ஒலிக்காக நான் இவ்வளவு பாடுபட்டது அக்காவுக்காக. அக்கா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்துப் பட்டம் பெற்றவர். ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. முன்பள்ளியில் சின்னஞ்சிறுசுகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் கிணற்றடியில் பாடினால் தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் மிதிப்பதை நிறுத்துவார்கள். அப்படியொரு குரல் வீட்டுக்குள்ளேயே கிடந்து பழசாகிறதே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து ஒரு தாய் தொடர்புகொண்டார். மகளுக்கு இணையவழியே சங்கீதம் சொல்லிக் கொடுக்க ஆள் தேவை. விஜயதசமி அன்று தொடங்க வேண்டும். "சென்னையிலயும் ஒரு ரீச்சரைக் கேட்டு வைச்சிருக்கிறம்," என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். "முதல்ல உங்களோட தொடங்கிப் பாப்பம். சத்தம் கித்தம் சரிவராட்டி அண்டைக்கே அவவிட்டத் தொடங்கிடுவம். நாள் தவறக்கூடாதெல்லோ." முதல் பாடம் சொல்லி ஏடு தொடக்கியவர்தான் குரு. பிறகு மாற்ற மாட்டார்கள். அக்காவுக்குக் கிடைத்தது அந்த ஒரு மாலைதான்.

கைப்பேசியில் பாடிப் பார்த்தோம். அது சுருதிப்பெட்டியின் ரீங்காரத்தைச் சுற்றுப்புறச் சத்தம் என்று நினைத்துச் சுத்தமாக வெட்டிவிட்டது. சுருதி இல்லாமல் சங்கீதம் எப்படிப் படிப்பிப்பது? லப்டொப்பில் அந்த வெட்டும் குணத்தை நிறுத்திவைத்து, சுருதியும் குரலும் சேர்ந்து கேட்கும்படி எல்லாவற்றையும் சரிசெய்தேன். நவராத்திரி நடந்துகொண்டிருந்தபோது ஒத்திகை பார்த்தோம். அருமையாக இருந்தது. அக்கா தன் குரலைத் திரும்பக் கேட்டுவிட்டு, "நானே இது?" என்று வெட்கப்பட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். சரஸ்வதி பூசையன்று பின்னேரம், எதற்கும் இருக்கட்டும் என்று, மெசினுக்கு முழு அப்டேட் ஒன்று கொடுத்தேன். அது முடிந்து மெசின் திரும்ப எழும்பியதோ இல்லையோ, அக்கா லப்டொப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கும்பத்தின் முன்னால் வைத்துவிட்டார். பாட்டுக் கொப்பிகள், சுருதிப்பெட்டி, அக்காவின் பழைய வயலின், அவற்றின் மேல் லப்டொப்.

"பொறுங்கோ அக்கா, ஒருக்கா மைக்கைப் பாத்திட்டுத் தாறன்."

"சாமிக்கு வைச்சதைத் தொடாதை," என்றார் அம்மா.

"அப்டேட் பண்ணினனான் அம்மா. ஏதும் உடைஞ்சிருந்தா?"

"அப்டேட்டையும் சேத்துத்தான் வைச்சது. விடிய எடுக்கலாம்."

பூசை முடியும்வரை நான் அந்தக் கும்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்றும் இல்லாத பக்தி என்று அம்மா அயல்வீட்டுக்காரியிடம் பெருமைப்பட்டிருக்கிறார்.

விஜயதசமி காலையில் லப்டொப் கைக்கு வந்தது. மூடி, திரை, விசைப்பலகை எங்கும் சந்தனமும் குங்குமமும் தெறித்திருந்தன. திரையின் மேல் விளிம்பில் வரிசையாக மூன்று பொட்டு. மற்றச் சாமான்களுக்கு ஒன்று ஒன்றுதான். லப்டொப்புக்கு அக்கா மூன்று வைத்திருந்தார். நடுப்பொட்டு சரியாகக் கமரா மேல் இருந்ததால் அதை மட்டும் பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். மற்றவற்றைத் தொடவில்லை. வைத்த பொட்டை அழிப்பது அம்மாவுக்குப் பிடிக்காது.

பிறகு மைக்கைச் சோதித்தேன். அக்கா பாடியது, தலையணைக்கு அடியில் யாரோ முனகுவதுபோலப் பதிவாகியிருந்தது.

அப்டேட்தான் கெடுத்துவிட்டது, வேறென்ன? இயங்குதளத்தின் உள்மையமான கேர்னலை அப்டேட்டுக்கு முந்தையதற்கே மாற்றினேன். முனகல்தான். ஜெர்மன்காரரின் வரியை அழித்தேன், திரும்ப எழுதினேன். முனகல்தான். இணையத்தில் தேடியபோது இதே மெசின், இதே பிரச்சினை என்று ஒருவர் எழுதியிருப்பதைக் கண்டு துள்ளினேன். கீழே ஒரே ஒரு பதில்: "எனக்கும் இதே பிரச்சினை, தீர்ந்தால் சொல்லுங்கள்." இப்படி ஒருவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் அழும் இடம் லினக்ஸ் மன்றத்தைப்போல வேறெங்கும் இல்லை.

பின்னேரம் சந்தியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நானா வந்தார். முல்லைத்தீவு முஸ்லிம் ஆள், அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் நானா என்றுதான் அழைப்பேன், எனக்கு நல்ல கூட்டாளி. ஆனால் என் பென்குயினை ஒருநாளும் மதித்ததில்லை. கையோடு ஒரு ஹெட்செட் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தோம். அக்காவின் வாய்க்கு முன்னால் உள்ளது கேட்டது, பக்கத்திலிருந்த சுருதிப்பெட்டி கேட்கவில்லை.

"தம்பி, நான் கனநாளாச் சொல்லுறன்," என்று நானா சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "விண்டோஸ் இருக்கு. பழசுதான். மெதுவா ஓடினாலும் பேசும். ஒரு மணித்தியாலத்தில போட்டிடலாம்."

"இது மெசின் பிழையில்ல நானா, ஒரு சின்ன செற்றிங்..."

"காலமையில இருந்து அந்தச் சின்ன செற்றிங்கைத்தானே தேடுறீங்க?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதற்குள் அக்கா புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, பாய் விரித்துச் சுருதிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நியமனப் பேச்சு வரும்போதெல்லாம் வைத்துக்கொள்ளும் அதே முகம். எனக்கு அந்த முகத்தைக் கண்ணில் காட்டக்கூடாது.

"தம்பி," என்றார் அக்கா, "விண்டோஸ் போட்டாச் சரிவருமெண்டாப் போடன். பிறகு நீ ஆறுதலா உன்ர பென்குயினை வளர்க்கலாம்தானே."

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். இப்படிச் சொன்னால் என்ன செய்வது? பென் டிரைவை வாங்கி லப்டொப்பில் குத்தினேன். மெசினை அணைக்கப் போகும்போது ஆற்றாமை தாங்காமல், "போ சனியனே" என்று திரையின் மேல் விளிம்பை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன்.

திரையில் மைக்கின் ஒலியை அளக்கும் பச்சைக் கோடு துள்ளிச் சிவப்புக்குப் போய் வந்தது.

மூன்று பேரும் அதைக் கண்டோம். இன்னொருமுறை சுண்டினேன். திரும்பவும் சிவப்பு. மைக் உயிரோடுதான் இருக்கிறது. டிரைவரும் உயிரோடு, கேர்னலும் உயிரோடு. கீழ் விளிம்பைத் தட்டினேன், கோடு அசைந்தும் அசையாமலும் கிடந்தது. மேலே வர வரத் துள்ளியது. அப்படியே தட்டிக்கொண்டு போன என் விரல் அக்கா வைத்த இடப்பக்கப் பொட்டின் மேல் போய் நின்றது. பிறகு வலப்பக்கப் பொட்டு. இந்த மெசினுக்குக் கமராவின் இரண்டு பக்கமும் ஊசிமுனையளவு ஓட்டைகள் உண்டு. அவைதான் மைக். கண்ணைத் துடைத்த எனக்குக் காதுகள் எங்கே என்று தெரிந்திருக்கவில்லை.

"அக்கா," என்றேன், "ஏன் இதுக்கு மட்டும் மூண்டு பொட்டு?"

அக்கா தலையைக் குனிந்தார். "நல்லாக் கேக்கோணுமெண்டு கும்பிட்டுத்தான் வைச்சனான்."

நானா வெடித்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க நேரமில்லை. "ஊசி வேணும், ஊசி!" என்று கத்தினேன். அக்கா யோசிக்கவேயில்லை, தோளில் சேலையைப் பிடித்திருந்த ஊசியைக் கழற்றித் தந்தார். அழகாக மடித்திருந்த தலைப்பு மடிப்பு எல்லாம் அவிழ்ந்து மடியில் விழுந்தது. காய்ந்து இறுகிய சந்தனத்தை ஓட்டைக்குள்ளே குத்திவிடாமல் துகள் துகளாகக் கிண்டி எடுத்தேன். நானா தன் பையிலிருந்த கடைத் தூரிகையால் தட்டித் தட்டித் துடைத்தார். பொட்டு அழிகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதிவு செய்து போட்டுப் பார்த்தோம். சுருதி கேட்டது. அக்காவின் குரல் கேட்டது. முற்றத்துக் கோழி கேட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால், குசினிக்குள்ளிருந்து அம்மா முணுமுணுத்ததும் சொல் பிசகாமல் கேட்டது: "விண்டோஸ் எண்டா இந்தக் கரைச்சல் வந்திருக்குமே?"

அழைப்பு வந்தபோது அக்கா ஒரு கையால் சேலைத் தலைப்பைத் தோளில் பிடித்தபடிதான் இருந்தார். ஊசி இன்னும் என் கையில் இருந்தது. அங்கே ரொறன்ரோவில் காலை. பட்டுப் பாவாடையோடு ஒரு சின்னப் பெண், மூக்கைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து எங்களைப் பார்த்தாள்.

"ரீச்சர், கொஞ்சம் பாடிக் காட்டுறீங்களோ?" என்றார் தாய். அவர் குரலில் அந்தச் சென்னை ரீச்சர் இன்னும் இருந்தார்.

அக்கா சுருதியைப் போட்டார். கண்ணை மூடி 'ச' பிடித்தார், அவ்வளவுதான். ஒற்றை ஸ்வரம். அது போய்ச் சேரச் சற்று நேரம் பிடித்தது. திரையில் அந்தத் தாயின் முகத்து இறுக்கம் தளர்வதைப் பார்த்தேன். பின்னால் நின்ற யாரையோ "சத்தம் போடாதேங்கோ" என்று கையால் அடக்கினார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணும் நிறைந்துவிட்டது.

பிள்ளை பாடியது. சுருதி கொஞ்சம் கீழே விழுந்தது. "இன்னொருக்கா, பயப்பிடாமல்," என்றார் அக்கா. முன்பள்ளியில் பேசும் குரலும் அல்ல அது, வீட்டில் பேசும் குரலும் அல்ல. மூன்றாம் தரம் பிள்ளை சரியான இடத்தைப் பிடித்தாள். "ஓம், அதுதான்!" என்று அக்கா பாயில் கையால் அடித்தார். சேலைத் தலைப்பு திரும்பவும் மடியில் விழுந்தது.

வகுப்பு முடிந்ததும் தாய், "ரீச்சரைக் கும்பிடு பிள்ளை," என்றார். சிறுமி சட்டென்று குனிந்தாள். திரை முழுக்க அவளுடைய தலை வகிடுதான் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, நெற்றியை அப்படியே கமராவுக்கு நேரே கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பெரியவர்களைக் கும்பிட்டால் பொட்டு வைத்துவிடுவார்கள் என்று வீட்டில் பழக்கியிருக்கிறார்கள் போலும்.

அக்கா பக்கத்திலிருந்த கிண்ணத்தில் சந்தனத்தைத் தொட்டார். விரல் லப்டொப்பை நோக்கிப் போனது. நான் வாயைத் திறந்தேன். நானா என் கையைப் பிடித்து அமத்தினார்.

அக்கா திரைக் கண்ணாடியில், அந்த நெற்றியின் நடுவில், மெல்ல வைத்தார்.

"வைச்சிட்டீங்களோ ரீச்சர்?" என்றாள் சிறுமி, கண்ணைத் திறக்காமலே.

"ஓமம்மா," என்றார் அக்கா. "வைச்சிட்டன்."